தாத்தாவுக்கு 6.5 எதற்கு?

சர்க்கரை நோயைப் பற்றி நம் ஊரில் ஒரு கருத்து ஆழ வேரூன்றியிருக்கிறது. வயது எதுவானாலும் சுகர் ‘நார்மல்’ ஆக இருக்க வேண்டும். வயது ஏற ஏறக் கட்டுப்பாடும் இறுக வேண்டும். அதற்குத் தெருமுனை டாக்டரும் ஆரம்ப சுகாதார நிலையமும் போதாது. நகரத்துப் பெரிய டாக்டரிடம்தான் காட்ட வேண்டும். எண்பது வயதுத் தாத்தாவின் லேப் ரிப்போர்ட்டில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.8 என்று வந்துவிட்டால் வீடு பதறுகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “வேற டாக்டரைப் பாருங்க” என்கிறான். புது டாக்டர் ஒரு மாத்திரையைக் கூட்டுகிறார். அடுத்த ரிப்போர்ட்டில் 6.5. எல்லோருக்கும் நிம்மதி. விடியற்காலையில் பாத்ரூம் போகும்போது தாத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது மட்டும் எந்த ரிப்போர்ட்டிலும் வருவதில்லை.

இந்தக் கருத்துக்குள் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. முதியவரின் சர்க்கரை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்பது ஒன்று. அதைக் குறைக்கும் திறமை நிபுணரிடம் மட்டுமே இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. முதல் தவறிலிருந்துதான் இரண்டாவது பிறக்கிறது. நோயை ஓர் எண்ணாக மட்டும் பார்த்தால், அந்த எண்ணை வேகமாக இறக்குபவரே கெட்டிக்கார டாக்டராகத் தோன்றுவார். இந்த மனிதர் என்ன சாப்பிடுகிறார், யாருடன் இருக்கிறார், இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறார், மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினால், வைத்தியம் நடக்க வேண்டிய இடமே மாறிவிடும். அந்த இடம் ஆரம்ப சுகாதார நிலையம். அல்லது குடும்பத்தை அறிந்த உள்ளூர்ப் பொது மருத்துவரின் அறை.

எதிர்த்தரப்பின் அச்சம் வெற்று அச்சம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான இன்டியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். விரலை இழந்தவர், பார்வை போனவர், வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவர் என்று ஒவ்வொரு தெருவிலும் யாராவது இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அப்பாவின் சுகரைக் கண்டு பயப்படுவது இயல்பு. அந்தப் பயத்துக்கு அறிவியலின் துணையும் உண்டு. பிரிட்டனில் 1977இல் தொடங்கி இருபது ஆண்டு நடந்த யு.கே.பி.டி.எஸ். ஆய்வின் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. எச்பிஏ1சி சராசரி 7.9 ஆக இருந்தவர்களைவிட 7.0 ஆக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் கால் பங்கு குறைந்தன. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்ற கொள்கைக்கு அஸ்திவாரமே அந்த ஆய்வுதான்.

ஆனால் அதில் யாரைச் சேர்த்தார்கள்? 25 முதல் 65 வயதுக்குள் இருந்தவர்களை; அதுவும் நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களை. அவர்களுக்குக் கிடைத்த பலன் சராசரியாகப் பத்தாண்டு காத்திருந்து கிடைத்த பலன். நாற்பத்தைந்து வயதில் நோய் வந்தவருக்கு அது பெரிய வரம். இன்னும் முப்பது ஆண்டு அவர் அந்தக் கண்களாலேயே பார்க்க வேண்டும். அவரிடம் தளர்வு காட்டினால் அது குற்றம். எண்பத்திரண்டு வயதில், இதய நோயோடும் தளர்ந்த கால்களோடும் இருக்கும் ஒருவருக்கு அதே கணக்கைப் போட முடியாது. பத்தாண்டு கழித்து வரக்கூடிய பலனுக்காக அவர் இன்றே விலை கொடுக்கிறார்: கூடுதல் மாத்திரை, கூடுதல் ஊசி, கூடுதல் பத்தியம், கூடுதல் விழுதல்.

இறுக்கினால் என்ன ஆகும் என்பதையும் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை வைத்து நடந்தது அக்கார்ட் ஆய்வு. சராசரி வயது 62. நீண்ட நாள் நோயாளிகள். இதய நோய் வந்தவர்கள் அல்லது வரும் அபாயத்தில் இருந்தவர்கள். ஒரு பாதியினருக்கு எச்பிஏ1சியை 6க்குக் கீழே இறக்குவது இலக்கு. மற்றப் பாதியினருக்கு 7 முதல் 7.9 வரை போதும் என்றார்கள். 2008 பிப்ரவரியில் இறுக்கமான சிகிச்சையை இடையிலேயே நிறுத்த வேண்டி வந்தது. இறுக்கிய தரப்பில் 257 பேர் இறந்திருந்தார்கள். தளர்வான தரப்பில் 203 பேர். பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குக் கடுமையான தாழ்சர்க்கரையும் இறுக்கிய தரப்பில் மூன்று மடங்கு. அந்த மரணங்களுக்குத் தாழ்சர்க்கரைதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ‘குறையக் குறைய நல்லது’ என்ற வாய்ப்பாடு, சராசரி 62 வயதிலேயே உடைந்துபோனது. அதை எண்பது வயதில் இன்னும் ஒப்பிக்கிறோம்.

உலகின் பெரிய வழிகாட்டு நெறிகள் இதிலிருந்து பாடம் கற்றுவிட்டன. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் முதியவர்களை மூன்றாகப் பிரிக்கிறது. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு எச்பிஏ1சி 7 அல்லது 7.5க்குக் கீழே. பல நோய்களோடு இருப்பவருக்கும், அன்றாட வேலைகள் சிலவற்றுக்குப் பிறரைச் சார்ந்திருப்பவருக்கும் 8க்குக் கீழே. மிகவும் தளர்ந்தவருக்கு இந்த எண்ணையே நம்ப வேண்டாம். சர்க்கரை தாழாமலும், தாகமும் அடிக்கடி சிறுநீரும் படுத்தும் அளவுக்கு ஏறாமலும் பார்த்துக்கொண்டால் போதும். இந்தப் பட்டியலில் 6.5 எங்கே? நீரிழிவு இருக்கிறது என்று முடிவு கட்டும் எல்லைக்கோடுதான் 6.5. தாத்தாவுக்கு நாம் கேட்பது நோய்க் கட்டுப்பாடு இல்லை; அவருக்கு நோயே இல்லை என்று ஒரு தாள் சொல்ல வேண்டும் என்று கேட்கிறோம். மாத்திரையே இல்லாமலோ மெட்ஃபார்மின் மட்டும் போட்டோ அவர் 6.5இல் இருந்தால் கவலையில்லை. இன்சுலின் போட்டோ, கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை போட்டோ அந்த எண்ணை எட்டியிருந்தால் அதுதான் கவலைக்குரிய செய்தி.

அந்த வகையில் ஒன்றான கிளிபென்கிளமைடு அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே குறித்து வைத்திருக்கிறது. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைத் தொகுக்கும் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல், 2023 பதிப்பில் சல்ஃபோனைல்யூரியா வகையையே முதல் தேர்வாக வைக்க வேண்டாம் என்கிறது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற நெடுநேரம் வேலை செய்பவற்றைக் குறிப்பாகச் சொல்கிறது. நம் நாட்டில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த கூட்டு மாத்திரை மிக அதிகம் விற்பவற்றுள் ஒன்று. விலை மலிவு, எண்ணை வேகமாக இறக்கும், வீட்டாருக்கும் திருப்தி.

தாழ்சர்க்கரையை நம் மக்கள் ‘லோ சுகர்’ என்பார்கள். ஒரு மிட்டாய் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். இளவயதில் அது பெரும்பாலும் உண்மை. வியர்க்கும், கை நடுங்கும், பசி கிளம்பும். உடல் முன்கூட்டியே மணியடித்துவிடும். வயதான உடலில் அந்த மணி மங்கிப்போகிறது. இதயத்துக்காகக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை படபடப்பையும் நடுக்கத்தையும் மேலும் மறைத்துவிடுகிறது. அதனால் முதியவருக்கு லோ சுகர் வேறு வேடத்தில் வருகிறது. பேத்தியின் பெயரை மாற்றிச் சொல்வார். காரணமில்லாமல் எரிந்து விழுவார். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். நடக்கும்போது சரிவார். “வயசாயிடுச்சு, மறதி வந்துடுச்சு” என்று வீடு முடிவு கட்டிவிடும். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால், தடுக்கி விழுந்தார் என்று கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள். மாத்திரை தள்ளிவிட்டது என்று யாரும் எழுத மாட்டார்கள்.

வயதோடு சிறுநீரகத்தின் வேகமும் குறைகிறது. கிரியாட்டினின் அளவு லேப் தாளில் ‘நார்மல்’ எல்லைக்குள் இருக்கலாம். தசை வற்றிய மெலிந்த உடலில் அதே அளவுக்கு, சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது என்று பொருளாகலாம். மருந்து உடலைவிட்டு வெளியேறத் தாமதமாகும். சல்ஃபோனைல்யூரியாவால் சர்க்கரை தாழ்ந்தவர், குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்து எழுந்து உட்காருவார். சில மணி நேரத்தில் மறுபடி தாழும். அவரை உடனே வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து. அமெரிக்காவில் மருந்தின் பாதகத்தால் அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றி 2011இல் ஓர் ஆய்வு வந்தது. அந்தச் சேர்க்கைகளில் ஏறக்குறைய கால் பங்குக்கு இன்சுலினும் சர்க்கரை மாத்திரைகளும் காரணமாக இருந்தன. தடைசெய்யப்பட்ட மருந்துகளோ போலி மருந்துகளோ இல்லை. முறையாக எழுதி, முறையாக வாங்கி, முறையாகப் போட்ட மருந்துகள்.

இவ்வளவு நம்பும் அந்த எண்ணாவது உறுதியானதா? இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ரத்தம் ஏற்றியவருக்கும், சிவப்பணு சீக்கிரம் அழிபவருக்கும் குறைத்துக் காட்டும். ரத்தசோகை நம் முதியவர்களிடையே அரிதான பிரச்சினையா என்ன? எச்பிஏ1சி ஒரு சராசரி வேறு. காலை 60, மாலை 260 என்று ஆடுகிறவரையும், நாள் முழுக்க 160இல் அமைதியாக இருப்பவரையும் ஒரே எண் ஒன்றாகக் காட்டிவிடும்.

எண்ணைத் துரத்துவதில் நாம் தவறவிடுவது எது? முதலாவது, ரத்த அழுத்தம். அதே யு.கே.பி.டி.எஸ். ஆய்வில் ரத்த அழுத்தத்தை 154/87க்குப் பதிலாக 144/82இல் வைத்தபோது பக்கவாதம் 44 சதவீதமும் நீரிழிவு தொடர்பான மரணம் 32 சதவீதமும் குறைந்தன. சர்க்கரையை இறுக்கியதால் அந்தக் காலத்துக்குள் அவ்வளவு பெரிய பலன் கிடைக்கவில்லை. எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டுமே சேர்த்த ஹைவெட் ஆய்வு 2008இல் வெளிவந்தது. அவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் சிலர்தான் என்றாலும், அழுத்தத்தை 150/80ஐ நோக்கி மெதுவாக இறக்கியதில் மரணம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பி.பி. மாத்திரை மலிவு, பார்க்கும் கருவி ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் உண்டு. இரண்டாவது, பாதம். உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். செருப்பைக் கழற்றச் சொல்லி விரலிடுக்கைப் பார்க்காமல் மூவாயிரம் ரூபாய்க்கு ரத்தம் எடுப்பது எந்தக் கணக்கில் சேரும்? மூன்றாவது, பி12. நெடுங்காலம் மெட்ஃபார்மின் போடுபவர்களுக்கு அந்த வைட்டமின் குறையக்கூடும். கால் எரிச்சலையும் மரமரப்பையும் சுகரால் வந்ததென்றே நினைத்து மேலும் மாத்திரை கூட்டுவோம். நான்காவது, சாப்பாடு. ‘சுகருக்கு ஆகாது’ என்று இட்லியைக் குறைத்து, பழத்தை நிறுத்தி, இரவுக்கு ஒரு சப்பாத்தி என்று சுருக்கிச் சுருக்கி, முதியவரின் தசையையே கரைத்துவிடுகிறோம். தசை கரைந்தால் விழுவார். விழுந்தால் படுப்பார். முட்டையும் பருப்பும் பாலும் அவருக்கு மாத்திரையைப் போலவே முக்கியம்.

இனி இரண்டாவது நம்பிக்கை. நிபுணர்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. இந்திய நீரிழிவு மருத்துவத்தின் தந்தை எனப்படும் எம். விஸ்வநாதன் 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் தனிப்பிரிவு தொடங்கியதிலிருந்து, இந்தத் துறையில் சென்னையின் பெயர் உலகறிந்தது. டைப் 1 நோயாளிக்கும், கர்ப்பிணிக்கும், சீழ் வைத்த காலுக்கும், சிறுநீரகம் செயலிழக்கத் தொடங்கியவருக்கும், என்ன செய்தும் சர்க்கரை ஏறி இறங்கி ஆடுபவருக்கும் நிபுணர் வேண்டும். கேள்வி அதுவல்ல. இருபது ஆண்டு பழகிய சர்க்கரையோடு வீட்டில் இருக்கும் முதியவருக்கு மாதாமாதம் தேவைப்படும் முடிவுகளை யார் எடுப்பது என்பதே கேள்வி.

அந்த முடிவுகளுக்கு வேண்டிய தகவல் பெரிய ஆஸ்பத்திரியில் கிடைப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே போகிறார்கள். ‘வெறும் வயிற்று’ ரத்தம் கொடுக்க விடியற்காலை பஸ் ஏறி, பட்டினியோடு வரிசையில் நிற்கிறார் எழுபத்தைந்து வயது அம்மா. பழக்கதோஷத்தில் காலை மாத்திரையை வீட்டிலேயே விழுங்கியிருப்பார். பிறகு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து இன்னொரு ரத்தம். கடைசியில் டாக்டரோடு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் தாளைப் பார்ப்பதில் போய்விடும். மருமகள் ஊருக்குப் போன பதினைந்து நாளும் அம்மா ரசஞ்சோற்றோடு காலம் தள்ளியதும், சஷ்டி விரதத்திலும் ஊசியை நிறுத்தாமல் போட்டுக்கொண்டதும் அந்தத் தாளில் இல்லை. ஊசியின் அளவை எழுதுகிறவருக்குச் சோற்றின் அளவு தெரியாது.

ஒரு நிபுணர் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. இதயத்துக்கு ஒருவர், முட்டிக்கு ஒருவர், சுகருக்கு ஒருவர். முட்டி வலிக்கோ இளைப்புக்கோ ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை எகிறும். சுகர் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். இரண்டு வாரத்தில் ஸ்டீராய்டு முடிந்துவிடும். கூட்டிய மாத்திரை அப்படியே நிற்கும். ஒரு மாதம் கழித்து அவர் மயங்கி விழுந்தால் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரையும், தனியார் டாக்டர் எழுதிய பிராண்ட் மாத்திரையும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. நிறம் வேறு, அட்டை வேறு. உள்ளே இருப்பது ஒன்றே. இன்சுலினிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. நம் நாட்டில் குப்பி மருந்து பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. கடைக்காரர் ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சைக் கொடுத்துவிட்டால் அளவே மாறிவிடும். இதைக் கண்டுபிடிக்க எம்.டி. பட்டம் வேண்டாம். வீட்டுக்குப் போய், “ஊசி எப்படி ஏத்துறீங்கன்னு காட்டுங்கம்மா” என்று கேட்க ஒரு நர்சம்மா வேண்டும். பார்வை மங்கியவர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தடவுவதை அவர்தான் பார்ப்பார்.

இங்கிலாந்தின் அனுபவம் இங்கே பயன்படும். அங்கே நீரிழிவு நோயாளிகளில் பெரும்பாலோரைப் பார்ப்பது குடும்ப மருத்துவரும் அவரிடமுள்ள செவிலியரும்தான். தரக் குறியீடுகளின்படி அந்த மருத்துவர்களுக்கு ஊக்கத்தொகை தரும் முறை 2004இல் வந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி எண்ணைக் கேட்டால், ஊக்கத்தொகைக்காகத் தளர்ந்த முதியவர்களையும் இறுக்க நேரும் என்பது தெரிந்தபின் 2019இல் அளவுகோலைப் பிரித்தார்கள். உடல் தளர்ச்சி இல்லாதவருக்கு எச்பிஏ1சி 7.5. மிதமான அல்லது கடுமையான தளர்ச்சி உள்ளவருக்கு 9. ‘ஒன்பதா!’ என்று நம் வீடுகளில் அலறுவார்கள். ஒரு நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பு யோசித்து, பணத்தோடு சேர்த்துக் கட்டிய முடிவு அது. முக்கியமாக, அதைச் செய்தது ஆரம்பநிலை மருத்துவத்தில். நோயாளி தளர்ந்திருக்கிறாரா என்பதை அறியக்கூடிய இடமே அதுதான்.

நம் பக்கத்துச் சான்றும் உண்டு. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நீரிழிவு மருத்துவமனைகளிலேயே நடந்த கார்ஸ் ஆய்வு 2016இல் வெளியானது. நிபுணர்கள் ஏற்கெனவே இருந்த இடங்களில், நோயாளியைத் தொடர்ந்து விசாரிக்க மருத்துவரல்லாத ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரையும், மருத்துவருக்கு முடிவெடுக்க உதவும் மென்பொருளையும் சேர்த்தார்கள். சர்க்கரையோடு ரத்த அழுத்தமோ கொழுப்போ சேர்த்துக் கட்டுக்குள் வந்தவர்கள் இரண்டு மடங்கானார்கள். நிபுணரின் இடத்திலும் குறைவாக இருந்தது நிபுணத்துவம் இல்லை. தொடர்ந்து கேட்கும் ஓர் ஆள்.

“ஆரம்ப சுகாதார நிலையமா? அங்கே நீண்ட வரிசை, இரண்டு நிமிடம், மாத்திரைப் பொட்டலம்; இதைத்தான் புகழ்கிறீர்களா?” என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இன்றிருக்கும் நிலையத்துக்கு நான் சான்றிதழ் தரவில்லை. ஆனால் அதனிடம் இருக்கும் கட்டமைப்பு வேறு யாரிடமும் இல்லை. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக இலவச மருந்து கிராமம்வரை போகிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது, 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் பெற்றது. நடக்க முடியாத முதியவரின் வீட்டுக்குள் அரசின் ஆள் ஒருவர் முறையாக நுழைகிறார் என்பது சாதாரணச் சாதனை இல்லை. குறை என்னவென்றால், நுழைகிறவரிடம் கொடுத்திருப்பது ஒரு பையும் ஒரு பட்டியலும். சர்க்கரையும் பி.பி.யும் எழுதுகிறார், மாத்திரையைக் கொடுக்கிறார், எத்தனை வீடு என்று கணக்குக் காட்டுகிறார். சென்ற மாதம் விழுந்தீர்களா, சாப்பாட்டைத் தவறவிட்டீர்களா, காலையில் தலை கிறுகிறுக்கிறதா, வேறு எங்கே மாத்திரை வாங்குகிறீர்கள் என்ற நான்கு கேள்விகள் அந்தப் பட்டியலில் ஏறினால், அந்த வருகை மருந்து விநியோகம் என்ற நிலையிலிருந்து வைத்தியம் என்ற நிலைக்கு உயர்ந்துவிடும்.

இன்னொரு மறுப்பு கனமானது. தமிழ்நாட்டில் 2020இல் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பின்படி, நீரிழிவு உள்ளவர்களில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்குப் பதினொரு பேரை எட்டவில்லை. பெரும்பாலோருக்கு வைத்தியமே போதாதபோது அதிக வைத்தியத்தைப் பற்றிப் பேசுவது வசதியானவர்களின் கவலை அல்லவா? இல்லை. அந்தக் கணக்கெடுப்பு 18 முதல் 69 வயதுவரையானவர்களைப் பற்றியது. எழுபதைத் தாண்டியவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. குறைவான வைத்தியமும் மிகையான வைத்தியமும் ஒரே ஊரில் இருக்க முடியும். ஐம்பது வயதுக் கட்டடத் தொழிலாளிக்கு 11. எண்பது வயதுள்ள அவருடைய தாய்க்கு 6.3. அமெரிக்க முதியவர்களைப் பற்றி 2015இல் வந்த ஓர் ஆய்வில், நலமாக இருந்தவர்களும் மிக மோசமான உடல்நிலையில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இறுக்கப்பட்டிருந்தார்கள். ஆளைப் பார்க்காமல் ஒரே அளவுகோலை நீட்டினால் மகனுக்கும் நஷ்டம், தாய்க்கும் நஷ்டம்.

“வயதானவர் என்பதற்காகக் கைவிடச் சொல்கிறீர்களா?” என்று மூன்றாவதாகக் கேட்பார்கள். மனசாட்சி உள்ளவர்கள் கேட்கும் கேள்வி. தளர்த்துவது வேறு, கைவிடுவது வேறு. சர்க்கரை 350ஐத் தாண்டி, இரவெல்லாம் சிறுநீர் கழித்து, நீர்வற்றி, சித்தம் கலங்கிக் கிடக்கும் முதியவரை ‘வயசாச்சு’ என்று விட்டுவிடுவது கொடுமை. எழுபத்திரண்டு வயதிலும் வயலுக்குப் போய்வரும் திடமான மனிதரைக் கிழவர் பட்டியலில் சேர்த்து அலட்சியமாகப் பார்ப்பதும் தவறு. அவருக்கு 7 பொருத்தமான இலக்குதான். பிறந்த ஆண்டை வைத்து முடிவெடுக்காமல், நடக்கும் வேகம், நினைவு, சிறுநீரகம், வீட்டுத் துணை ஆகியவற்றை வைத்து முடிவெடுக்கச் சொல்கிறேன். அதற்கு இறுக்குவதைவிட அதிக உழைப்பு தேவை. ஒரு மாத்திரையைக் கூட்ட ஒரு நிமிடம் போதும். ஒன்றைக் குறைத்துவிட்டு அடுத்த மூன்று வாரம் கண்காணிக்க ஆள் வேண்டும்.

பணம் எந்தப் பக்கம் பாய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு எழுபது வயதை எட்டிய எல்லோருக்கும் ஐந்து லட்சம் ரூபாய்க் காப்பீட்டை விரிவாக்கியது. நல்லதுதான். ஆனால் அந்த அட்டை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பேசும். காலை வெட்டினால் பணம் வரும். வெட்டாமலிருக்கப் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் செவிலியருக்கு வராது. இடுப்பெலும்பு அறுவைக்கு வரும். விழவைத்த மாத்திரையை நிறுத்த உட்கார்ந்து பேசும் மருத்துவரின் இருபது நிமிடத்துக்கு வராது. முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பை 1996இல் நாட்டுக்கே முன்னோடியாகத் தொடங்கியது சென்னை மருத்துவக் கல்லூரி. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் 2024இல் திறக்கப்பட்டது. அங்கே சேர்ந்திருக்கும் அறிவு மாவட்டத்தின் கடைசிச் சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும். கடைசிக் கிராமத்து முதியவர் கிண்டிக்கு வரக் கூடாது.

அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் தமிழக மக்கள்தொகையில் 2021லேயே ஏறக்குறைய ஏழில் ஒருவர் என்று கணித்திருந்தார்கள். இவர்கள் எல்லோருக்கும் நிபுணர் கிடைக்கப்போவதில்லை. கிடைத்தாலும் அது சரியான ஏற்பாடாக இருக்காது. செய்ய வேண்டியவை பெரிய செலவில்லாதவை. ஆண்டுக்கு ஒருமுறை வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்கும் நாள். ஒவ்வொரு முதியவரின் நோட்டிலும் அவருக்கென்று எழுதிய இலக்கு. பாதமும் பி.பி.யும் பார்க்காமல் சர்க்கரை மட்டும் பார்த்தால் அந்த வருகை கணக்கில் சேராது என்ற விதி. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம், கட்டுக்குள் வந்தவர்கள் எத்தனை பேர் என்பதோடு விழுந்தவர்கள் எத்தனை பேர், சர்க்கரை தாழ்ந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்கும் மாவட்ட அறிக்கை.

இவற்றையெல்லாம்விடக் கடினமான ஒன்று பாக்கி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்து இளம் மருத்துவருக்கு, இந்த அம்மாவுக்கு இந்த மாத்திரை தேவையில்லை என்று பல நேரம் தெரிகிறது. பெரிய டாக்டர் எழுதியதை நிறுத்தும் துணிச்சல்தான் வருவதில்லை. நாளை ஏதாவது ஆனால் பழி தன் தலையில் விழும் என்று அஞ்சுகிறார். கூட்டியவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. குறைத்தவர் மட்டும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த நியாயத்தை மாற்றாதவரை எத்தனை திட்டம் வந்தாலும் நம் முதியவர்களின் மாத்திரைப் பை கனத்துக்கொண்டேதான் போகும். குறைக்கும் அதிகாரத்தை ஊர் மருத்துவருக்குக் கொடுங்கள். வாய்ச்சொல்லாக வேண்டாம், அரசாணையாகக் கொடுங்கள்.